கேட்கும் செவிகள்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. பார்க்க விருப்பமில்லையென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். பேச விருப்பமில்லையென்றால் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் செவிக்குக் கதவு இல்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. தெருவில் லாரி இரைந்து சென்றாலும் அசையாமல் தூங்கும் தாய், தொட்டிலில் குழந்தை மெல்லச் சிணுங்கினால் உடனே எழுந்து விடுகிறாள் அல்லவா? ஐம்புலன்களுள் ஓய்வறியாத புலன் செவியே எனலாம்.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எந்தப் பொருளைப் பற்றி எழுதலாம் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. செவியைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் இடது செவி கேட்பதில்லை. வகுப்பில் பல தோழியருக்கு இது தெரியாது. ஒற்றைச் செவியோடு வாழ்வதால்தான், இரண்டு செவிகளும் நமக்கு என்ன செய்கின்றன என்று தேடிப் படிக்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. படித்ததையும் பட்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஒலி என்றால் என்ன? ஆலய மணியை அடித்தவுடன் அதன் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். விரல் கூசும். மணி அதிர்கிறது, அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளியும் இழுத்தும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு ஒரு காற்றுத் துகளிலிருந்து அடுத்த துகளுக்கு என்று கைமாறிக் கைமாறி நம்மிடம் வருகிறது. காற்றே நம்மிடம் ஓடி வருவதில்லை. அதன் அதிர்வு மட்டுமே வருகிறது. காற்று இல்லையேல் ஒலியும் இல்லை. ஒரு கண்ணாடிக் கலத்தில் ஓசை எழுப்பும் கருவியை வைத்து, காற்றை வெளியேற்ற வெளியேற்ற ஓசை தேய்ந்து போவதை இராபர்ட் பாயில் என்ற அறிஞர் 1660-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

காற்றில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒளியோ கணப்பொழுதில் வந்து விடுகிறது. எனவே மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடியில் இடி கேட்டால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று பொருள். மழைக்காலத்தில் என் தம்பிக்கு இதுதான் விளையாட்டு.

ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்வு நிகழ்கிறதோ அதனை அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடக் கூட ஒலி கீச்சென்று உயர்கிறது; குறையக் குறையத் தடித்து இறங்குகிறது. நல்ல செவியுள்ள இளையோர் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். அதற்கு மேலுள்ள ஒலிகளை நாய் கேட்கும். வௌவால் அவற்றை எழுப்பி, எதிரொலியைக் கொண்டே இருளில் வழி காணும். வயது ஏற ஏற மேல் எல்லை நமக்குச் சுருங்கி வருகிறது. ஆகவே, தாத்தா பாட்டிமார் கேட்காத சில மெல்லிய கீச்சொலிகளைப் பேரக் குழந்தைகள் கேட்பதில் வியப்பில்லை.

ஒலியின் வலிமையை டெசிபல் என்ற அலகால் அளக்கிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; இருபது கூடினால் நூறு மடங்கு. செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியை 0 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். நாம் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். அதாவது பத்து லட்சம் மடங்கு! அந்த மெல்லிய ஒலிக்கும் அசையும் நம் செவிப்பறை, அப்போது எவ்வளவு தூரம் அசைகிறது தெரியுமா? ஓர் அணுவின் விட்டத்தைக் காட்டிலும் குறைவு. என்னே இதன் நுண்மை!

இனிச் செவிக்குள் நுழைவோம். நாம் கம்மலும் ஜிமிக்கியும் அணியும் மடல், வெறும் அலங்காரத்திற்கு அன்று. அதன் மேடு பள்ளங்கள் ஒலியைச் சேர்த்து உள்ளே அனுப்புவதோடு, ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று அறியவும் உதவுகின்றன. மடலையடுத்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அதன் முடிவில் செவிப்பறை.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி. இங்கே மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன. அவற்றின் உருவத்தைக் கொண்டு சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பெயரிட்டுள்ளனர். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடிதான். சுமார் மூன்று மில்லிமீட்டர். இத்துணைச் சிறிய எலும்புகள் எதற்கு? உள்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி, திரவத்தில் எளிதில் இறங்காது. கிணற்றில் மூழ்கியிருக்கும்போது மேட்டில் நிற்பவர் கத்துவது நமக்குக் கேட்பதில்லை; ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீரில் இறங்குகிறது, மற்றது திரும்பி விடுகிறது. இந்த இழப்பை ஈடுகட்டவே இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. செவிப்பறையின் பரப்பு பெரியது. அங்கவடியின் அடிப்பரப்பு அதில் பதினேழில் ஒரு பங்கு. பெரிய பரப்பில் விழும் அழுத்தத்தைச் சிறிய பரப்பில் குவித்து, நெம்புகோல் போலவும் செயற்பட்டு, இவ்வெலும்புகள் அழுத்தத்தை ஏறக்குறைய இருபது மடங்காக்கித் தருகின்றன.

நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஊஸ்டேசியன் குழாய் என்ற ஒரு வழி இருக்கிறது. சுற்றுலாவின்போது கொடைக்கானல் மலையேறிய பேருந்தில் காது அடைத்ததாகப் பலரும் சொன்னோமே! மேலே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. நடுச்செவியில் அடைபட்ட காற்று செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. எச்சிலை விழுங்கினால் அக்குழாய் திறந்து, அழுத்தம் சமமாகி, 'பட்'டென்று அடைப்பு நீங்குகிறது.

உள்செவியில் இருப்பது காக்ளியா. நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்டது. நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். இதற்குள் நீளவாக்கில் ஒரு மென்படலம். அங்கவடி திரவத்தை அசைக்க, அப்படலத்தில் ஓர் அலை ஓடுகிறது. உயர்ந்த ஒலியானால் அலை வாயிலுக்கு அருகிலேயே உச்சம் பெறும். தாழ்ந்த ஒலியானால் சுருளின் உள்முனை வரை சென்று உச்சம் பெறும். ஆர்மோனியப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இடம் இருப்பது போல, ஒவ்வொரு சுருதிக்கும் நம் செவிக்குள் ஓர் இடம் இருக்கிறது. இவ்வலையைக் கண்டு விளக்கியவர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் வான் பெகெசி. அதற்காக 1961-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

அப்படலத்தின் மீது மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு செவிக்குச் சுமார் 15,000. விழித்திரையிலுள்ள கோடிக்கணக்கான செல்களோடு ஒப்பிட்டால் இது எத்துணைச் சிறு தொகை! அவற்றின் உச்சியிலுள்ள நுண்மயிர்கள் அசையும்போது மின் துடிப்பு பிறக்கிறது. செவி நரம்பின் சுமார் 30,000 இழைகள் அதனை மூளைக்குக் கொண்டு செல்கின்றன. இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று: இச்செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன, நமக்கு இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததே வாழ்நாள் முழுமைக்குமான முதல்.

என் இடது செவியில் அந்த முதல்தான் போய் விட்டது. மூன்றாம் வகுப்பு படிக்கையில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. கன்னமிரண்டும் வீங்கி, காய்ச்சல் அடித்தது. ஆச்சி தம் தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, வேப்பிலையை அருகில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, எல்லாரும் மகிழ்ந்தோம். சில நாள் கழித்து மாமா வெளியூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கைபேசியை இடது காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "இணைப்பு போயிட்டுது அம்மா" என்று கொடுத்தேன். அம்மா வாங்கிப் பேசினார்கள். மறுபடி என்னிடம் தந்தார்கள். மறுபடியும் ஒன்றுமில்லை. அம்மாவின் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை.

காது மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி, என் நெற்றியின் நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குது பாப்பா?" என்றார். வலப்பக்கம் மட்டும் கேட்டது. அதன் பொருள் பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று. நீங்களும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாய் திறவாமல் 'ம்ம்ம்' என்று முரலுங்கள். அடைத்த காதில்தான் ஒலி பலமாகக் கேட்கும். குறை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருந்தால், எலும்பு வழி வரும் ஒலி அந்தக் காதிலேயே கூடுதலாகக் கேட்கும். அப்படிப்பட்ட குறையை மருந்தாலோ அறுவையாலோ பெரும்பாலும் சீராக்கலாம். எனக்கோ ஒலி நல்ல காதிற்கே போய் விட்டது. பழுது உள்செவியில் என்று அந்தச் சிறிய இரும்புக் கவை சொல்லி விட்டது. பொன்னுக்கு வீங்கியை உண்டாக்கும் வைரஸ் சிலருக்கு இவ்விதம் செய்வதுண்டு. பெரும்பாலும் ஒரு காதை மட்டுமே தாக்கும் என்று மருத்துவர் ஆறுதல் கூறினார்.

ஒரு காது போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பர். உண்மைதான், நான் பாடம் கேட்கிறேன், பாட்டுப் பாடுகிறேன். ஆனால் இரண்டு செவிகளைக் கொண்டே ஒலி வரும் திசையை நாம் அறிகிறோம். இடப்புறம் எழும் ஒலி இடச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி வலச்செவிக்கு வரச் சற்றுத் தாமதமாகிறது. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று அளந்தார்கள். அதனினும் எத்தனையோ மடங்கு நுண்ணிய இந்த வேறுபாட்டை மூளை கண்டுகொள்கிறது! மேலும், உயர்ந்த ஒலிகளுக்குத் தலையே ஒரு தடுப்பாகி, மறுபுறச் செவியில் அவை மெலிந்து விழுகின்றன. தாழ்ந்த ஒலிக்கு நேர வேறுபாடு, உயர்ந்த ஒலிக்கு வலிமை வேறுபாடு என்று இவ்விரு வழிகளையும் 1907-ஆம் ஆண்டில் ரேலே பிரபு என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துரைத்தார்.

எனக்கு இவ்விரண்டு கணக்கும் இல்லை. சாலையில் ஒலிப்பானைக் கேட்பேன். வண்டி எப்பக்கம் வருகிறது என்று தெரியாது. ஆதலால் இருபுறமும் பார்த்து, மீண்டும் ஒரு முறை பார்த்தே கடப்பேன். "நான் இங்கே இருக்கிறேன்" என்று மாடியிலிருந்து தம்பி குரல் கொடுத்தால், வீடு முழுவதும் தேடுவேன்.

இதைவிடக் கடினம் இடைவேளை. கூட்ட இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்கும் ஆற்றல் நம் எல்லாருக்கும் உண்டு. காலின் செர்ரி என்பவர் 1953-ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து எழுதினார். திருமண வீட்டில் நாதசுரமும் தவிலும் முழங்க, பந்தியில் இருவர் குடும்பக் கதை பேசிக்கொள்கிறார்களே, அது இவ்வாற்றலால்தான். இரைச்சல் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் இருந்தால், இரு செவிகளையும் ஒப்பிட்டு மூளை பேச்சைப் பிரித்தெடுக்கிறது. ஒற்றைச் செவிக்கு எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுகிறது. இடைவேளையில் என் இடப்பக்கம் நின்று பேசிய தோழி ஒருத்தி, நான் பதில் சொல்லாததால், "அவளுக்குத் திமிர்" என்று பிறரிடம் சொன்னாளாம். அவள் மீது எனக்கு வருத்தமில்லை. அவளுக்குத் தெரியாதே!

ஆனாலும் கேட்பது காதின் வேலை மட்டுமன்று, மூளையின் வேலையும்கூட. சில வேளை கண்ணின் வேலையுமாகும். 1976-ஆம் ஆண்டில் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர் ஒரு விந்தையை வெளியிட்டனர். ஒருவர் 'ga' ஒலிக்கு வாயசைக்கும் படத்தோடு 'ba' என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினால், பார்ப்பவர் பலருக்கும் இரண்டுமில்லாத 'da' என்ற ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் உண்மை ஒலி கேட்கும்! நாம் எல்லாரும் அறியாமலேயே உதட்டசைவைப் படிக்கிறோம். நான் அறிந்தே படிக்கிறேன். 2021 நவம்பரில் பள்ளி மீண்டும் திறந்தபோது எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தோம். அந்த மாதங்களில் ஆசிரியையின் கண்களை மட்டுமே பார்த்துப் பாடம் கேட்க நான் பட்ட பாட்டை என் வகுப்பாசிரியை அறிந்து, முக்கியமானவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அந்த உதவிக்கு என்றும் நன்றியுடையேன்.

எங்கள் வீட்டில் செவிக்குறை என்னோடு நிற்கவில்லை. என் தந்தையார் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலை எந்திரங்களின் நடுவே காதோடு காதாகக் கத்தினால்தான் பேச்சுக் கேட்கும். வேலை முடிந்து வந்தால் சிறிது நேரம் காதுக்குள் 'ஙொய்' என்று இரைவதாகச் சொல்வார். பின்னர் அது சரியாகிவிடும் என்று எண்ணினார், நாங்களும் எண்ணினோம். பேரிரைச்சல் மயிர்ச் செல்களைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள செல்களே முதலில் போகின்றன. வலி இல்லை, குருதி இல்லை. எனவே போவது தெரிவதில்லை.

ஒரு நாள் அம்மா, "வரும்போது காய் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அப்பா மாலையில் ஒரு கோரைப் பாய் வாங்கி வந்தார். அன்று வீடே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் அது சிரிப்புக்குரிய செய்தியன்று என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி வலிமையானது, தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. க, ச, த, ப போன்ற மெய்களின் வேறுபாடோ மெல்லியது, உயர்ந்த அதிர்வெண்களில் அமைந்தது. 'காய்', 'பாய்', 'தாய்' மூன்றிலும் 'ஆய்' என்ற பகுதி ஒன்றே. முதலில் வரும் அந்தச் சிறு மெய்யே பொருளை மாற்றுகிறது. அப்பாவுக்கு உயிர் கேட்கிறது. மெய் நழுவிப் போகிறது. "கேட்குது, ஆனா என்னன்னு விளங்கலை" என்று அவர் சொல்வதன் பொருள் இதுவே. உரக்கக் கத்தினால் உயிர்தான் மேலும் உரக்கும், மெய் தெளியாது. ஆகவே இப்படிப்பட்டவர்களிடம் கத்த வேண்டாம். முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

மருத்துவர் காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா மறுத்தார். கண்ணாடி போட்டபோது, "படிச்சவர் மாதிரி இருக்கீங்க" என்றார்களாம். மிஷின் போட்டால் 'செவிடன்' என்பார்களாம். பார்வைக் குறைக்கு ஒரு மரியாதை, செவிக் குறைக்கு ஒரு கேலி! இது எந்த நியாயம்? ஓராண்டு கழித்து, அக்காளின் குழந்தை மழலை பேசத் தொடங்கியபோது, அது சொல்லும் ஒன்றுமே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் அவரை அசைத்தது. சேமிப்பிலிருந்து வாங்கினார். முதல் நாள் தாளித்த கடுகு வெடிக்கும் ஓசையைக் கேட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தார். சந்தைக் கூட்டத்தில் இன்றும் அவருக்குச் சிரமமே. போன செல்களை மிஷின் திருப்பித் தராது. ஆனால் பேத்தி "தாத்தா" என்பது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு விந்தை. தாயின் கருப்பையில் இருக்கும்போதே, ஏறத்தாழ ஏழாம் மாதத்தில், குழந்தை கேட்கத் தொடங்கி விடுகிறது. வளைகாப்பில் அடுக்கும் வளையல்களின் ஓசையைக் குழந்தை கேட்கும் என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள். கீச்சொலிகள் கருப்பைக்குள் மங்கித்தான் சேரும். தாழ்ந்த ஒலிகள் நன்கு எட்டும். எல்லாவற்றிலும் தெளிவாக எட்டுவது தாயின் குரலே. ஏனெனில் அது காற்று வழியாக மட்டுமின்றி அவள் உடல் வழியாகவும் வருகிறது. பிறந்து சில நாளேயான குழந்தை பிற பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று 1980-ஆம் ஆண்டில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினர்.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளும் உண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டால் குழந்தையின் செவி பாதிக்கப்படலாம். நாங்கள் தொடக்கப்பள்ளியில் படித்த 2017-ஆம் ஆண்டில் பள்ளிதோறும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்களே, அன்று அழுத நாம் அதன் அருமையை இன்று உணர வேண்டும். அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து சேரவில்லை. மூன்றுக்கும் சேர்த்த தடுப்பூசி தனியாக உண்டு. சிறு குழந்தையுள்ள பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. பிறந்த குழந்தைக்குச் செவி கேட்கிறதா என்பதையும் சில நிமிடங்களில் அறியலாம். நலமான செவி தானே ஒரு மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்று 1978-ஆம் ஆண்டில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். குழந்தை தூங்கும்போதே ஒரு சிறு கருவியால் அதைப் பதிவு செய்கிறார்கள். குறையை ஆறு மாதத்திற்குள் அறிந்தால், மிஷின் மூலமோ காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை மூலமோ குழந்தையைப் பேச்சுலகிற்குக் கொண்டு வரலாம். சைகை மொழியிலே வளர்ந்து, படித்து, சிறந்து விளங்குவோரும் பலர். அவர்கள் மொழியும் இலக்கணம் உடைய முழுமையான மொழியே.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2050-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 250 கோடிப் பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, ஏதேனும் ஓர் அளவில் செவிக்குறை இருக்கும். எனவே இது என் ஒருத்தியின் கதை அன்று. நம் முதலை நாம் காத்துக்கொள்ள வேண்டும். காதுக்குள் ஹேர்பின், சேஃப்டிபின், தீக்குச்சி எதையும் விட வேண்டாம். குறும்பி அழுக்கன்று, காவல். அது தானே வெளிவரும். காய்ச்சிய எண்ணெய் ஊற்ற வேண்டாம். காதில் சீழ் வடிந்தால் 'தானே நின்றுவிடும்' என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இயர்போனில் பாட்டுக் கேட்கும் தோழியர், பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கும் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெடி வெடிக்கும்போது விலகி நில்லுங்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னே சிறு பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். விழா எம்மதத்தாருடையதாயினும் செவி ஒன்றுதானே! இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாக வரையறுத்துள்ளன.

இக்கட்டுரையை எழுத வீட்டில் அனுமதி கேட்டேன். "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்துல கேட்டா என்ன சொல்ல? வெளியே சொல்லாம இருக்கிறதே நல்லது" என்று உறவினர் பலரும் முன்பே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்பா தம் காதிலிருந்த மிஷினைத் தொட்டுக் காட்டி, "நான் இதை ஊர் பார்க்கத்தானே மாட்டிட்டு அலையுறேன். நீ எழுது தாயி" என்றார். பிறகு அம்மாவே, "எழுதினதை எனக்கு முதல்ல வாசிச்சுக் காட்டு" என்றார்கள். வாசித்துக் காட்டினேன். கைபேசிச் செய்தி வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றையும் நீக்கச் சொல்லவில்லை.

வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். அவர் சொல்லும் கேள்வி, ஒலியைக் கேட்பது மட்டுமன்று. கேட்டதை உள்ளத்தில் வாங்கிக்கொள்வது. அதற்கு இரண்டு செவிகள் இருந்தும் போதாத நேரம் உண்டு. ஒன்றே போதுமான நேரமும் உண்டு. நம் பாடகர் குழுவில் இசை கற்பிக்கும் சிஸ்டர் என்னை எப்போதும் இடது கோடியில் நிறுத்துவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அங்கே நின்றால் குழுவினர் அனைவரும் என் வலப்பக்கம் இருப்பர். எல்லார் குரலும் எனக்குக் கேட்கும். ஓர் இடத்தை மாற்றித் தந்ததால் எனக்கு ஒரு குழுவே கிடைத்தது. இப்படிச் சிறிதாக ஒன்றைச் செய்து, ஒருவருக்குப் பெரிதாக உதவ நம் எல்லாராலும் இயலும்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இரண்டாம் முறை "என்ன?" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாமல், அருகில் சென்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கவனிக்காமல் இருப்பது போல் தோன்றினால், அவளுக்குக் கேட்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பெற்றோரே, பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் செவியையும் ஒரு தரம் சோதித்துப் பாருங்கள். என்னை நீங்கள் அழைத்து நான் திரும்பாவிட்டால், என் வலப்பக்கம் வந்து ஒரு முறை பெயர் சொல்லி அழையுங்கள். நிச்சயம் திரும்புவேன்.